ஜாக்கெட்டை மாற்றி வரையாதீர்கள்: இணைய விற்பனைத் தளங்களில் பட விதி வகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

பட்டியல் படங்களுக்கு விதி வகுக்கும் பொறுப்பாளர்களுக்கு,

ஜாக்கெட்டுக்கு முதல் படம் ஆள் அணிந்த படமாகவே இருக்க வேண்டும் என்று விதி வைத்தீர்கள். மாடலை அமர்த்திப் படமெடுக்க வசதியில்லாதவர்களுக்காகப் பட்டியல் பக்கத்திலேயே ஒரு பொத்தானையும் வைத்தீர்கள். மேசையில் விரித்து எடுத்த படத்தை ஏற்றி அதை அழுத்தினால், செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய ஒருவர் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு நிற்கும் படம் சில நொடிகளில் வந்துவிடுகிறது. சிக்கல் என்னவென்றால், அந்தப் படத்தில் இருப்பது நாங்கள் ஏற்றிய ஜாக்கெட் அல்ல, அதைப் போன்ற வேறொன்று. அதை நம்பி வாங்கியவர் பெட்டியைப் பிரித்துப் பார்த்து, "படத்தில் உள்ளது போல் இல்லை" என்று திருப்பி அனுப்புகிறார். பொத்தான் உங்களுடையது, படம் உங்கள் கருவி வரைந்தது, ஆனால் குறை மட்டும் விற்பவர் கணக்கில் ஏறுகிறது. இந்த ஏற்பாட்டை எங்களால் ஏற்க முடியாது.

சட்டைக்கு மேல் அணியும் தோல், டெனிம், கார்டுராய், பஃபர் (உள்ளே நிரப்பி உப்ப வைத்தது), மழை ஜாக்கெட்டுகளோடு, மோட்டார் சைக்கிள் ஓட்டுவோரும் சாலைப் பணியாளரும் அணியும் பாதுகாப்பு ஜாக்கெட்டுகளையும் சேர்த்தே சொல்கிறோம். இவற்றைத் தைப்பவர்களும் படமெடுப்பவர்களும் பட்டியலிட்டு விற்பவர்களும் சேர்ந்து எழுதும் மடல் இது.

செயற்கை மாடலே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. ஒரே ஜாக்கெட் ஐந்து நிறத்தில், ஆறு அளவில் வரும். மாதிரித் துண்டு ஒன்றுதான் கையில் இருக்கும், அதுவும் ஒரு அளவில் மட்டும். மாடல், ஒப்பனை, அரங்கு எல்லாவற்றுக்கும் செலவிட எல்லாராலும் முடியாது. தலையையும் கையையும் பின்னணியையும் இயந்திரம் வரையட்டும், அதில் வாங்குபவருக்கு இழப்பு எதுவும் இல்லை. அவர் பணம் கொடுப்பது ஜாக்கெட்டுக்கு. அந்த ஜாக்கெட்டை இயந்திரம் மறுபடி வரைவதைத்தான் எதிர்க்கிறோம்.

இந்தக் கருவிகள் ஜாக்கெட்டை ஏன் மாற்றிவிடுகின்றன என்பதற்குக் காரணம் அவை வேலை செய்யும் முறையிலேயே இருக்கிறது. இன்று பரவலாக உள்ள பட உருவாக்க மாதிரிகள் பல நேரடியாகப் பிக்சல்களில் வரைவதில்லை. படத்தை முதலில் அகலத்திலும் உயரத்திலும் எட்டில் ஒரு பங்காகச் சுருக்கிக்கொள்கின்றன. 1024 பிக்சல் பக்கமுள்ள படம் பக்கத்துக்கு 128 கட்டங்களாகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் 64 பிக்சல்கள், பிக்சலுக்கு மூன்று நிற எண்கள், ஆக 192 எண்கள். ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்ற பட உருவாக்க மாதிரியின் தொடக்கப் பதிப்புகள் இதை 4 எண்களாக அடக்கின, பின்னால் வந்தவை 16 எண்களாக. விரிக்கும்போது விட்டுப்போனதைத் தான் கற்ற பொதுவான ஜாக்கெட்டுகளிலிருந்து எடுத்து நிரப்புகின்றன.

இதை ஒரு ஜாக்கெட்டில் வைத்துக் கணக்குப் போடுங்கள். தலை முதல் கால் வரை தெரியும் படம், உயரம் 1024 பிக்சல், நிற்பவர் 175 செ.மீ. என்றால் ஒரு பிக்சல் துணியில் ஏறக்குறைய 2 மி.மீ. ஒரு கட்டம் 16 மி.மீ. ஜாக்கெட்டுகளில் அதிகம் தைக்கும் 5 எண் ஜிப்பின் பற்கள் மூடிய நிலையில் 5 முதல் 6 மி.மீ. அகலம், அதாவது மூன்று பிக்சல். இந்தப் பல் வரிசை ஒரு கட்டத்தின் அகலத்தில் பாதியைக்கூட நிரப்பாது. அங்குலத்துக்கு 11 வரி உள்ள சாதாரண கார்டுராயில் ஒரு வரி 2.3 மி.மீ. ஒரே கட்டத்துக்குள் ஏழு வரி வரை நெருக்கியடிக்கிறது. இடுப்பளவுப் படமாக நெருக்கி எடுத்தாலும் ஜிப் ஒரு கட்டத்தைத் தாண்டாது. ஆகவே காயில் ஜிப் (பற்கள் பிளாஸ்டிக் சுருளாக உள்ளது) உலோக ஜிப்பாக மினுங்குவதும், 11 வரிக் கார்டுராய் 8 வரி போலத் தடித்துத் தெரிவதும் எப்போதோ நேரும் பிசகல்ல. இந்த அளவில் வரைந்தால் அப்படித்தான் வரும். அதன்மேல் படத்தைப் பெரிதாக்கும் இன்னொரு கருவியை ஓட்டினால் நிலைமை இன்னும் மோசம். அது ட்வில் துணியின் சாய்கோட்டுக்குப் பதில் தானாக ஒரு நெசவை உண்டாக்கி, கூர்மையாகவும் காட்டிவிடும். மங்கலாக இருந்தாலாவது வாங்குபவர் சந்தேகப்படுவார். கூர்மையான பொய்யை எவரும் சந்தேகிப்பதில்லை.

பயிற்சிப் படங்களிலும் குறை இருக்கிறது. கணினியில் உடை மாட்டிப் பார்க்கும் ஆய்வுகளில் பெரிதும் பயன்பட்ட விட்டான்-எச்டி தொகுப்பு 2021-ல் வந்தது. அதில் 13,679 ஜோடிப் படங்கள், அளவு 1024 × 768. எல்லாமே முன்பக்கம் காட்டி நிற்கும் பெண்களும் அவர்களுடைய மேலாடைகளும்தான். ஜாக்கெட்டைத் திறந்துவிட்டு உள்ளே சட்டை தெரிய நிற்கும் ஓர் ஆணையோ ஜாக்கெட்டின் முதுகுப் பக்கத்தையோ இதிலிருந்து கற்க வழியே இல்லை. உங்கள் கருவி எந்தப் படங்களில் பயின்றது என்று நீங்கள் சொன்னதில்லை. அது தருகிற முதுகுப் பக்கங்களைப் பார்த்தால் கேட்கத் தோன்றுகிறது.

முன்பக்கப் படம் ஒன்றை மட்டும் கொடுத்தால், முதுகை அது முழுக்கக் கற்பனை செய்கிறது. தோளுக்குக் கீழே குறுக்காக ஓடும் யோக் தையல் இருக்கிறதா, கீழே நடுவில் பிளவு உண்டா, இருபுறமும் உண்டா, ஹூட் இரண்டு துண்டா மூன்று துண்டா என்பதெல்லாம் அதற்குத் தெரிய வாய்ப்பில்லை. ஆனாலும் தயங்காமல் ஒன்றை வரைந்து தருகிறது. நீங்கள் அதை இரண்டாம் படமாக ஏற்றுக்கொள்கிறீர்கள்.

பிசகுகள் திரும்பத் திரும்ப ஒரே இடங்களில்தான் வருகின்றன. ஆண்கள் ஜாக்கெட்டில் இடப்புறம் மேலே வந்து வலப்புறத்தை மூடுவது வழக்கம், பெண்களுக்கு நேர்மாறு. இயந்திரம் இதைப் புரட்டிப் போடுகிறது. பைக்கர் ஜாக்கெட்டின் சாய்ந்த ஜிப்பை நடுவுக்கு இழுத்து நேராக்குகிறது, ஒருபுறம் மட்டும் உள்ள சிறு பாக்கெட்டுக்கு மறுபுறத்திலும் ஜோடி சேர்க்கிறது. மார்பு பாக்கெட்டின் மூடி காணாமல் போகிறது, அல்லது மூடியிருந்தும் பிரஸ் பட்டன் இல்லை. டெனிம் ஜாக்கெட்டில் ஆறு பட்டன் ஐந்தாகிறது. லைனிங் கட்டம் போட்டதாக இருந்தால் திறந்த மடிப்பில் கட்டங்கள் வளைந்து கரைகின்றன. காலருக்கு உள்ளே உள்ள பெயர்ப்பட்டையில் எழுத்து போன்ற ஏதோ கிறுக்கல். கஃபில் உள்ள ரிப் துணியும் இழுகயிற்றின் பூட்டும் படத்துக்குப் படம் மாறுகின்றன. ஒரே ஜாக்கெட்டின் மூன்று படங்களில் மூன்று வகைக் கஃப் வந்தால் வாங்குபவர் எதை நம்புவார்?

பஃபர் ஜாக்கெட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே மாற்றம் நேரடியாகத் தரத்தைப் பற்றிய பொய்யாகிறது. குறுக்குத் தையல்களுக்கு நடுவே உள்ள அறைகளின் எண்ணிக்கையும் அவற்றின் உப்பலும்தான் வாங்குபவர் கண்ணால் அளக்கும் விஷயங்கள். உள்ளே நிரப்பும் டவுனின் (வாத்தின் மென்தூவியின்) தரத்தை ஒரு அவுன்ஸ் எத்தனை கன அங்குலம் விரிகிறது என்று 600, 700, 800 என எண்ணில் சொல்வார்கள். அந்த எண்ணோடு எவ்வளவு எடை நிரப்பியிருக்கிறது என்பதும் சேர்ந்தால்தான் வெதுவெதுப்பு. இயந்திரத்துக்கு இரண்டும் தெரியாது. பெட்டியில் அமுங்கி வந்த மெல்லிய ஜாக்கெட்டையும் கடுங்குளிர் ஜாக்கெட் போல உப்ப வைத்து, ஒன்பது அறையை ஏழாக்கிக் காட்டுகிறது. அதே கதைதான் மழை ஜாக்கெட்டிலும். துணிமேல் நீர்த்துளிகள் உருண்டு நிற்பதாக வரைந்துவிடுகிறது. அந்தத் துணிக்கு நீர் விலக்கும் பூச்சு உண்டா, தையல்களுக்கு உள்ளே பட்டை ஒட்டியிருக்கிறதா என்று யாரும் அதனிடம் சொல்லவில்லை. நாங்கள் எழுத்தில் உரிமை கொண்டாடாத ஒன்றைப் படம் எங்கள் பெயரில் உறுதியளிக்கிறது.

எங்களுக்கு மிகுந்த அச்சம் தருவது பாதுகாப்பு ஜாக்கெட்டுகள்தான். இரவில் தூரத்திலிருந்து தெரிவதற்கான உடைகளுக்கு ஈஎன் ஐஎஸ்ஓ 20471 என்ற தரம் இருக்கிறது. ஒளி திருப்பும் பட்டை குறைந்தது 50 மி.மீ. அகலம் இருக்க வேண்டும். இரண்டாம் வகுப்புக்கு 0.13 சதுர மீட்டர் பட்டையும் 0.50 சதுர மீட்டர் பளிச்சிடும் துணியும் தேவை, மூன்றாம் வகுப்புக்கு 0.20-ம் 0.80-ம். இயந்திரம் ஒரு பட்டையைக் கூட்டினால் இரண்டாம் வகுப்பு உடை மூன்றாம் வகுப்பு போலத் தோன்றும். மோட்டார் சைக்கிள் உடைகளுக்கு ஈஎன் 17092 தரத்தில் ஏஏஏ, ஏஏ, ஏ என வகுப்புகள் உண்டு. முழங்கை, தோள் காப்புகளுக்கு ஈஎன் 1621-1. சாதாரணத் தோல் ஜாக்கெட்டின் தோளில் காப்பு வைத்தது போன்ற மேடு ஒன்றை வரைந்துவிட்டால், அதைப் பார்த்து வாங்கியவர் சாலையில் விழும்போது அங்கே காப்பு இருக்காது. இந்த வகைகளிலும் அதே பொத்தானைத் திறந்து வைத்திருக்கிறீர்கள். இதை உடனே மூடுங்கள்.

பொருந்துகிறதா இல்லையா என்பதையும் படம் மறைக்கிறது. கருவி எந்த அளவு ஜாக்கெட்டையும் எந்த உடலுக்கும் அளவெடுத்துத் தைத்தது போல ஒட்ட வைத்துவிடும். அக்குளுக்கு அக்குள் தட்டையாக 54 செ.மீ. உள்ள ஜாக்கெட் சுற்றளவில் 108 செ.மீ. மார்பு 96 உள்ளவருக்கு 12 செ.மீ. தளர்வு, உள்ளே ஸ்வெட்டர் போடலாம். மார்பு 104 உள்ளவருக்கு 4 செ.மீ. மட்டுமே, ஜிப்பை இழுத்து மூடினால் கையைத் தூக்குவது கடினம். உருவாக்கிய படத்தில் இருவருக்கும் ஒரே அழகான விழுதல். தோள் தையல் தோள் எலும்பைத் தாண்டித் தொங்குவதோ, கை நீளம் மணிக்கட்டோடு நின்றுபோவதோ தெரியாது. மெய்யான படத்தில் இந்த இழுப்பும் சுருக்கமும்தான் வாங்குபவருக்கு உதவும் தகவல். அதைத்தான் கருவி முதலில் துடைக்கிறது.

நிறத்திலும் இதே போக்கு. 24 கட்ட நிற அட்டையை வைத்து, வெள்ளைச் சமநிலை சரிபார்த்து எடுத்த ஆலிவ் பச்சையை, மாலை வெயில் பின்னணியோடு உருவாக்கச் சொன்னால் பழுப்பாக்கித் தரும். ஒளியையும் துணியின் நிறத்தையும் அது பிரித்துப் பார்ப்பதில்லை.

சரியாகச் செய்ய வழி இருக்கிறது என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறோம். ஜாக்கெட்டை ஆவியில் நீவி, அதன் அளவுக்கு ஏற்ற மேனெக்வினில் (துணிக்கடைப் பொம்மையில்) மாட்டி, லென்ஸை ஜாக்கெட்டின் நடு உயரத்தில் வைத்து எடுக்க வேண்டும். முழுச்சட்டக் கேமராவில் 70 முதல் 85 மி.மீ. லென்ஸ், அகன்ற லென்ஸ் நடுப்பகுதியைப் புடைக்க வைக்கும். எஃப்/8 முதல் எஃப்/11, ஐஎஸ்ஓ 100, இருபுறமும் 45 பாகையில் சாஃப்ட்பாக்ஸ். தோலுக்கும் பளபளக்கும் பஃபருக்கும் விளக்கு சிறிதாக இருந்தால் வெள்ளைக் கீற்றுகள் விழும், பெரிய பரப்பும் வெள்ளைப் பலகைகளும் வேண்டும். பஃபரை உறையிலிருந்து எடுத்தவுடன் படமெடுக்கக் கூடாது. உதறி, உப்பி வர நேரம் விட வேண்டும். முதல் சட்டகத்தில் நிற அட்டை. முன், பின், பக்கம், திறந்த நிலையில் லைனிங், காலரின் உட்புறம், ஜிப்பும் கஃபும் நெருக்கமாக என்று எல்லாம் மெய்ப்படமாக இருக்க வேண்டும்.

அதன்பிறகு ஜாக்கெட்டின் எல்லையை வெட்டி, இயந்திரம் தொடக் கூடாத மறைப்பாக்கி (மாஸ்க்), தலை, கழுத்து, கைகள், கால்கள், பின்னணி ஆகியவற்றை மட்டும் உருவாக்கச் சொல்லலாம். இங்கே பலர் தவறவிடும் ஒரு படி உண்டு. மறைப்பு போட்டாலும், முன்பு சொன்ன சுருக்கி விரிக்கும் வேலையில் மறைத்த பகுதியும் சற்று மாறிவிடும். ஆகவே உருவாக்கி முடித்ததும் மூலப் படத்தின் ஜாக்கெட் அடுக்கை அப்படியே மேலே திரும்ப ஒட்ட வேண்டும். ஓரத்தில் இரண்டு மூன்று பிக்சல் மென்மை போதும். தாடையின் நிழலைத் தனி அடுக்கில் இருட்டாக்கிச் சேர்க்கலாம். முடி காலர்மேல் விழக் கூடாது, கை பாக்கெட்டுக்குள் போகக் கூடாது. போனால் இயந்திரம் மூடியை மாற்றி வரையும். கடைசியாக, ஜாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு முழு அளவில் படத்தோடு ஒப்பிட வேண்டும்: பட்டன்கள், அறைகள், பாக்கெட்டுகள், ஜிப் வகை, எந்தப் பக்கம் மேலே, தையல் நூலின் நிறம். உங்கள் பொத்தானில் இந்தப் படிகள் ஒன்றுகூட இல்லை. மறைப்பும் திரும்ப ஒட்டுதலும் சாதாரணப் பட மென்பொருளே செய்யும் வேலைகள். உங்கள் பொறியாளர்களுக்கு இது பெரிய காரியமாக இருக்க முடியாது.

படம் எப்படி உருவானது என்பதை மறைப்பதும் இனி சரிப்படாது. படக் கோப்புக்குள்ளேயே விவரங்களைப் பதியும் ஐபிடிசி படத் தகவல் தரத்தில், இயந்திரம் உருவாக்கியது, ஒரு பகுதி உருவாக்கியது என்று குறிக்கத் தனித்தனி அடையாளங்கள் உள்ளன. விற்பவர்கள் கூகுளில் பொருள்களைப் பட்டியலிடும் கூகுள் மெர்ச்சன்ட் சென்டர் அந்த அடையாளத்தை நீக்கக் கூடாது என்கிறது. நீங்களோ ஏற்றும்போதே எல்லாப் படத் தகவலையும் அழித்துவிடுகிறீர்கள். நேர்மையாகக் குறித்து அனுப்புபவரின் குறிப்பும் சேர்ந்தே போகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024 செயற்கை நுண்ணறிவுச் சட்டத்தின் 50-ம் பிரிவு, உருவாக்கிய படங்கள் இயந்திரம் படிக்கும்படி குறிக்கப்பட வேண்டும் என்கிறது. நியூயார்க்கில் 2025 ஜூனில் நடைமுறைக்கு வந்த நாகரிக உடைத்துறைத் தொழிலாளர் சட்டம், ஒரு மாடலின் டிஜிட்டல் நகலைப் பயன்படுத்த எழுத்தில் தெளிவான சம்மதம் வேண்டும் என்கிறது. உங்கள் கருவி தரும் முகங்கள் யாருடையவை, எவரிடம் கேட்டீர்கள் என்பதற்கு எங்கேயும் விளக்கம் இல்லை. அந்த முகங்களுக்குக் கீழே எங்கள் பெயர் இருக்கிறது.

நாங்கள் கேட்பவை இவை.

ஜாக்கெட்டுக்கு முதல் படம் ஆள் அணிந்ததாக இருக்க வேண்டும் என்ற விதியை நிறுத்தி வையுங்கள். மேனெக்வினிலோ தட்டையாகவோ எடுத்த மெய்ப்படத்தை முதல் படமாக ஏற்றுக்கொள்ளுங்கள், அதற்காகத் தேடலில் அந்தப் பட்டியலைப் பின்னுக்குத் தள்ளாதீர்கள்.

உங்கள் கருவியில் ஜாக்கெட்டின் பகுதியைப் பூட்டுங்கள். மூலப் பிக்சல்கள் கடைசிப் படத்தில் மாறாமல் இருக்க வேண்டும். விற்பவர் பின்பக்கப் படம் தராதபோது பின்பக்கத்தை உருவாக்கித் தராதீர்கள். வெளிவருமுன் மூலமும் முடிவும் பக்கத்தில் பக்கமாக விற்பவருக்குக் காட்டப்பட்டு, அவர் ஒப்புக்கொண்ட பிறகே பட்டியலில் ஏற வேண்டும். யாரையும் கேட்காமல் ஏற்கெனவே மாற்றிவைத்த படங்களை நீக்கி, மூலப் படங்களைத் திரும்ப வையுங்கள்.

ஒளி திருப்பும் உடைகள், மோட்டார் சைக்கிள் உடைகள், தரச்சான்று பெற்ற எல்லாப் பணியுடைகளுக்கும் இந்தப் பொத்தானை முழுதாக அகற்றுங்கள். மற்றவற்றுக்கு அவகாசம் எடுத்துக்கொள்ளலாம், இதற்கு வேண்டாம்.

"இந்தப் படத்தில் உள்ளவர் உருவாக்கப்பட்டவர், ஜாக்கெட் மெய்ப்படம்" என்ற குறிப்பு தேடல் பக்கத்தின் சிறு படத்திலேயே தெரிய வேண்டும். விரித்துப் படிக்கும் விவரக் குறிப்பின் அடியில் ஒளித்து வைத்தால் பயனில்லை. ஜாக்கெட்டும் சேர்ந்து உருவாக்கப்பட்ட படங்களை விற்பனைப் படங்களாக அனுமதிக்காதீர்கள். ஏற்றும் படங்களின் ஐபிடிசி குறிப்புகளை அழிக்காதீர்கள்.

எந்த அளவு படமெடுக்கப்பட்டது என்பதையும், அக்குள் அகலம், தோள் அகலம், கை நீளம், பின்நடு நீளம் ஆகிய நான்கு அளவுகளையும் செ.மீ.-ல் கட்டாயமாக்குங்கள். இந்தக் கட்டாயத்தை நாங்கள் மனமார ஏற்போம்.

திருப்பி அனுப்பும் காரணங்களில் "பொருள் விவரத்துக்கு மாறானது" என்பதையும் "உருவாக்கிய படத்துக்கு மாறானது" என்பதையும் பிரியுங்கள். உங்கள் கருவி வரைந்த படத்தால் வந்த ரிட்டர்னின் செலவும் மதிப்பெண் குறைப்பும் விற்பவர் தலையில் விழக் கூடாது. ஏற்கெனவே விழுந்தவற்றை மறுபரிசீலனை செய்து திருத்துங்கள்.

கருவி எந்தப் படங்களில் பயின்றது, அதன் முகங்களுக்கு யாரிடம் சம்மதம் பெறப்பட்டது என்பதை வெளியிடுங்கள்.

இவற்றில் எதை ஏற்கிறீர்கள், எந்தத் தேதிக்குள் செய்வீர்கள், எதை மறுக்கிறீர்கள், ஏன் மறுக்கிறீர்கள் என்று எல்லா விற்பனையாளரும் வாங்குபவரும் படிக்கும்படி பொதுவில் எழுத்தில் பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
ஜாக்கெட் தைப்போர், படமெடுப்போர், விற்போர்